தலையில்லாத துரையும் எட்டரை மணியும்: சுங்கை சிப்புட் தோட்டத்துக் கதைகள்

லிந்தாங்_ரோடு
மலேசியாவின் பேரா மாநிலத்தில், சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் ஒரே கதை நாலு விதமாக உலவுகிறது. ராத்திரி பங்களாவுக்குள் புகுந்து துரையின் தலையை வெட்டினார்கள். உடலைத் தோட்டத்திலேயே புதைத்தார்கள். அமாவாசையில் அவர் தலையில்லாமல் பழைய ஆபீஸ் பக்கம் நடக்கிறார். அன்றைக்கு விழுந்த கத்திக்காயம் ஒரு கித்தா (ரப்பர்) மரத்தில் இன்னும் இருக்கிறது. கூடவே கூரையில் கல் விழுவது, காட்டுக்குள் பச்சை வெளிச்சம், பிண வாடை என்று கிளைக்கதைகள்.

இதில் எது நடந்தது, எது பிறகு ஒட்டிக்கொண்டது என்று பிரிக்கத்தான் இந்த இழை. ஒரே நிபந்தனை: "எங்க தாத்தா கண்ணால பார்த்தாரு" வேண்டாம். விஷயம் தெரிந்தவர்கள் விஷயத்தை மட்டும் எழுதுங்கள்.

பழைய_பேப்பர்
முதலில் நடந்தது. 1948 ஜூன் 16, புதன்கிழமை. காலை எட்டரை மணி வாக்கில் எல்ஃபில் தோட்டத்து மேலாளர் ஆர்தர் வாக்கர் தன் ஆபீஸ் அறையில் சுடப்பட்டார். சைக்கிளில் வந்தவர்கள் மூன்று பேர். ஏறக்குறைய அரை மணி நேரம் கழித்துப் பின் சூன் தோட்டத்தில் மேலாளர் ஜான் அலிசனும் அவருடைய உதவித் துரை இயன் கிறிஸ்டியனும் சுடப்பட்டார்கள். அங்கே வந்தது பெரிய கூட்டம். இருவரையும் கட்டிவைத்துச் சுட்டார்கள், அதுவும் ஆபீஸில்தான். கிறிஸ்டியனுக்கு வயது 21. இன்னொரு துரையும் அன்றைக்குக் குறியில் இருந்தார். அவருடைய ஜீப் வழியில் பழுதானதால் தப்பினார்.

ஆக ராத்திரி இல்லை, பங்களா இல்லை, அரிவாளும் இல்லை. கதையில் ஒரு துரை, நிஜத்தில் மூன்று பேர், இரண்டு தோட்டம். இந்தக் கொலைகளை வைத்துக் கம்யூனிஸ்டு கெரில்லாக்களுக்கு எதிராகப் பிரிட்டிஷ் அரசாங்கம் அறிவித்த அவசரகாலம் முதலில் பேராவிலும் ஜொகூரிலும் சில பகுதிகளுக்கு மட்டும்தான். ஜூன் 18-ல் நாடு முழுக்க விரிந்தது. 1960 ஜூலை 31 வரை நீடித்தது.

தவரணை_மூலை
பட்டப்பகலில் தோட்டத்துக்குள்ள வந்து சுட்டுட்டுப் போனா ஒருத்தருமா பார்க்கல? நூத்துக்கணக்கான ஜனம் இருக்கிற இடம் லா அது. இங்கதான் கதை இடிக்குது. அதனாலதான் ராத்திரின்னு மாத்திட்டாங்கபோல.

நிரை47
இடிக்கவில்லை அண்ணே. தோட்டத்து வேலை நேரத்தைத் தெரிந்து படித்தால் அந்த எட்டரை மணி ரொம்பக் கணக்காகப் பொருந்துகிறது.

பால் வெட்டு விடிவதற்கு முன்னேயே தொடங்கும். மரத்தின் பால்குழாயில் அழுத்தம் விடியற்காலையில்தான் உச்சத்தில் இருக்கும். வெயில் ஏற ஏற இலை வழியாக நீர் ஆவியாகி அழுத்தம் இறங்கும், பாலும் குறையும். அதனால் இருட்டில் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு), தண்டல் என்கிற மேற்பார்வையாள் பேர் கூப்பிட்டு முடித்ததும் ஆள் எல்லாம் அவரவர் நிரைக்கு, அதாவது மர வரிசைக்கு, போய்விடும். ஒருத்தருக்கு 300 முதல் 500 மரம். அவ்வளவும் வெட்டி முடிக்க மூன்று நான்கு மணி நேரம் ஆகும். அதன் பிறகு பால் சொட்டி முடிகிற வரைக்கும் காத்திருந்து, மங்குகளை (பால் சொட்டும் கோப்பைகளை) வாளியில் கவிழ்த்து, காண்டாவில் (தோள்தடியில்) தூக்கிக்கொண்டு பால் நிறுக்கும் ஸ்டோருக்கு வருவார்கள்.

இதோடு கடிகாரத்தையும் பாருங்கள். இன்றைய மலேசிய நேரம் கிரீன்விச்சுக்கு 8 மணி முன்னால். 1948-ல் ஏழரை மணிதான் முன்னால். தீபகற்பத்தில் முள்ளை அரை மணி தள்ளி வைத்தது 1982 ஜனவரி 1-ல். சுங்கை சிப்புட்டில் ஜூன் மத்தியில் இப்போது சூரியன் உதிப்பது ஏழு மணி தாண்டிச் சில நிமிடத்தில். அன்றைய கடிகாரத்தில் அது ஏறக்குறைய 6.35. எட்டரை மணி என்றால் விடிந்து இரண்டு மணி நேரம்.

அந்த நேரத்தில் வெட்டுக்காரர்கள் மலையிலும் காட்டிலும் நிரை நிரையாகச் சிதறி இருப்பார்கள். தண்டலும் கங்காணியும் மரத்தில் காயம் விழுகிறதா என்று பார்த்துக்கொண்டு அவர்கள் பின்னால். சின்னப் பிள்ளைகள் ஆயாக்கொட்டகையில். ஆபீஸில் துரையும் கிராணியும் (எழுத்தர்)தான். பெரட்டு நேரத்தில் வந்திருந்தால் முழுத் தோட்டமும் வாசலில் நின்றிருக்கும். பதினோரு மணிக்கு வந்திருந்தால் பால் நிறுக்கிற கூட்டம். இடைப்பட்ட அந்த வெறிச்சோடிய நேரத்தைத் தோட்டம் தெரிந்தவன்தான் தேர்ந்தெடுப்பான். இது என் ஊகம், ஆவணத்தில் எழுதியிருக்கும் வாசகம் இல்லை. ஆனால் "யாருமே பார்க்கலையா" என்ற கேள்விக்கு இதைவிட நேரான பதில் தெரியவில்லை.

செம்பனைக்காடு
கடிகார விஷயம் அருமை. ஜப்பான் காலத்தைப் பற்றிப் பேசுகிறவர்களும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். 1942 முதல் 45 வரை இங்கே தோக்கியோ நேரம், கிரீன்விச்சுக்கு 9 மணி முன்னால். அந்தக் காலத்து "காலை ஏழு மணி" என்றால் கும்மிருட்டு. ஆண்டையும் ஜப்பான் கணக்கில் 2602, 2603 என்று எழுதினார்கள். பழைய தாளில் அப்படி ஓர் எண்ணைப் பார்த்து யாரும் மிரள வேண்டாம். 660-ஐக் கழித்தால் நம் ஆண்டு.

கிந்தா_பக்கம்
"தோட்டத்திலேயே புதைத்தார்கள்" என்பதற்கு. மூவரின் கல்லறையும் பத்து காஜாவில், ஹோலி டிரினிட்டி தேவாலயத்துக்குப் பின்புறம் உள்ள மயானத்தில். அவசரகாலத்தில் இறந்த துரைமார், போலீஸ், ராணுவத்தார் என்று நூற்றுக்கு மேற்பட்டவர்கள் அங்கே கிடக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம் நினைவுச் சடங்கு நடக்கும். தோட்டத்துக்குள் "துரை சமாதி" என்று யாராவது ஒரு சிமெண்டு மேடையைக் காட்டினால், பெரும்பாலும் அது பழைய தண்ணீர்த் தொட்டியின் அடித்தளம். சந்தேகமிருந்தால் நாலு மூலையையும் பாருங்கள். துருப்பிடித்த போல்ட்டு நீட்டிக்கொண்டிருந்தால் அதன்மேல் இரும்புக் கால் நின்றிருக்கிறது.

தவரணை_மூலை
பத்து காஜான்னா கெல்லி கோட்டை. அந்தத் துரையும் மர்மமாத்தானே காணாமப் போனாரு?

கிந்தா_பக்கம்
காணாமல் எல்லாம் போகவில்லை. வில்லியம் கெல்லி ஸ்மித் 1926-ல் லிஸ்பனில் நிமோனியாவில் இறந்தார். புதைத்ததும் அங்கேதான். கோட்டை அரைகுறையாக நின்றதற்கும் அதுதான் காரணம். மனைவி சொத்தை விற்றுவிட்டுப் போய்விட்டார். கட்டுமானத்தின்போது ஸ்பானிஷ் காய்ச்சலில் கூலிகள் பலர் இறந்ததும், அவர்கள் கேட்டு மாரியம்மன் கோயில் எழுந்ததும் நிஜம். கோயில் கூரையில் சாமிகளுக்கு நடுவே தொப்பி வைத்த வெள்ளைக்காரச் சிலை ஒன்று நிற்கும், கெல்லி துரைதான்.

சொல்ல வந்தது வேறு. சுங்கை சிப்புட் கதையில் வரும் "ரகசியச் சுரங்கம்", "பாதியில் நின்ற மாளிகை", "ஊர் திரும்பாத துரை" மூன்றும் கெல்லி கதையிலிருந்து கடன் வாங்கியவை. இரண்டு ஊருக்கும் பஸ் ஒன்றுதான் குறுக்கே. கதையும் அதிலேயே ஏறி வந்திருக்கும்.

உளிக்காரன்
மரத்துக் காயம் பற்றி யாரும் தொடவில்லை. அதை முடித்துவிடலாம்.

பால்மரத்தின் வருமான ஆயுள் 25 முதல் 30 வருடம். அதற்குப் பிறகு தோட்டம் வெட்டி மறுநடவு செய்யும். 1948-ல் வெட்டுக்கு நின்ற மரம் எழுபதுகளைத் தாண்டுவதே அபூர்வம். அந்த இடத்தில் அடுத்த தலைமுறைக் கித்தா நின்று, அதுவும் போய், இப்போது பெரும்பாலும் செம்பனை. அதனால் இன்று யாராவது ஒரு கித்தா மரத்தைக் காட்டி "48-ல் விழுந்த வெட்டு" என்றால், மரத்தின் வயதைக் கேளுங்கள், போதும்.

ஆனால் கதைக்கு ஒரு வேர் உண்டு. அவசரகாலத்தில் தோட்டத்தை முடக்க மரங்களை வெட்டிச் சிதைத்தது நடந்தது. நல்ல வெட்டு என்பது இடது மேலிருந்து வலது கீழாக 30 பாகைச் சரிவில் போகும். ஒரு தடவைக்கு ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் பட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் வழவழப்பாக ஓர் ஈரப் படலம் இருக்கிறது. புதுப் பட்டை அங்கிருந்துதான் வளரும். உளி அதைத் தாண்டிக் கட்டையைத் தொட்டால் காயம். பட்டை ஒழுங்காகத் திரும்ப வளராமல் முண்டும் முடிச்சுமாக வீங்கும், அந்தப் பக்கத்தில் மறுபடி பால் வெட்ட முடியாது. பாராங் கத்தியால் நாலு கொத்து போட்டால் அந்த வெட்டு முகம் தொலைந்தது. 

பிரச்சினை என்னவென்றால் புதுசாக உளி பிடித்த ஆள் செய்கிற காயமும் பத்து வருடம் கழித்து அதே முண்டாகத்தான் தெரியும். வித்தியாசம் பார்க்க வேண்டுமானால் கோணத்தைப் பாருங்கள். கைப்பிழைக் காயம் வெட்டுக்கோட்டை ஒட்டியே சரிவாக வரிசையாக இருக்கும். சிதைத்த காயம் குறுக்கும் நெடுக்குமாக, உயரமும் தாறுமாறாக இருக்கும்.

ஆயாக்கொட்டகை
உளிக்காரன் அண்ணே, மூன்றாவது ஒன்றும் இருக்கே. ஜப்பான் காலத்தில் பராமரிப்பு இல்லாமல் போனது, போருக்குப் பிறகு அளவுக்கு மீறி வெட்டியது. அப்போதும் மரம் முண்டாகும்.

உளிக்காரன்
உண்மைதான் அக்கா. அதைச் சேர்த்துக்கொள்கிறேன். எப்படியும் அந்த மரங்கள் இப்போது இல்லை.

லிந்தாங்_ரோடு
சரி, தலை எப்படிப் போனது? சுட்டதாகத்தானே பதிவு.

பழைய_பேப்பர்
1952 ஏப்ரலில் லண்டன் டெய்லி வொர்க்கர் பத்திரிகை ஒரு படத்தை வெளியிட்டது. மலாயாவில் பிரிட்டிஷ் கடற்படைவீரன் ஒருவன் வெட்டிய தலைகளோடு நிற்கும் படம். காட்டில் கொல்லப்பட்டவர்களை அடையாளம் காண உடலைத் தூக்கி வருவது சிரமம் என்று தலையை மட்டும் கொண்டுவரும் வழக்கம் இருந்தது அப்போது வெளியே தெரிந்தது. பெரிய கொந்தளிப்பு ஆனது. இதைத் தவிர, சுட்டுக் கொன்ற கெரில்லாக்களின் உடல்களை ஊர்ப் போலீஸ் நிலையத்து முன்னால் கிடத்தி ஜனங்களைப் பார்க்க வைப்பதும் நடந்தது.

என் கணிப்பு: தலை போனது துரைக்கு இல்லை, எதிர்ப்பக்கத்துக்கு. கதை அதை எடுத்துத் துரைமேல் போட்டது. செத்த துரையைப் பற்றி உரக்கப் பேசலாம். வாசலில் கிடந்த உடலைப் பற்றிப் பேசினால் அடுத்த நாள் விசாரணைக்குக் கூப்பிடுவான்.

கிந்தா_பக்கம்
அழகான விளக்கம், ஆனால் எனக்கு ஒப்புதல் இல்லை. தலையில்லாத வெள்ளைக்காரன் கதை பங்களா இருக்கிற ஊரில் எல்லாம் இருக்கிறது, கொலையே நடக்காத தோட்டத்திலும். அதோடு "பாலம் கட்டத் தலை வேணும், பிள்ளை பிடிக்கிறவன் வர்றான்" என்ற வதந்தி மலாயா முழுக்கப் புதுப் பாலம், அணைக்கட்டு எழும்பும்போதெல்லாம் கிளம்பியது. நம் ஆட்கள், சீனர், மலாய்க்காரர் மூன்று பேரிடமும் உண்டு. 1952-க்கு முன்னாலும் இருந்தது. தலைக்கு அங்கேயே காரணம் கிடைக்கிறது.

பழைய_பேப்பர்
இருக்கலாம். இரண்டும் கலந்திருக்கலாம் என்பதற்கு மேல் நான் போக மாட்டேன்.

தவரணை_மூலை
சாட்சி இல்லாதப்ப ரெண்டு பேரும் நல்லாத்தான் வாதாடுறீங்க 😄 கூரையில கல்லு விழுறதுக்கு வாங்க.

செம்பனைக்காடு
கித்தா விதை. ஒரு காயில் மூன்று விதை. முற்றிக் காய்ந்ததும் ஓடு டப்பென்று வெடித்து விதை பத்துப் பதினைந்து மீட்டர் தெறிக்கும். லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகளின்) தகரக் கூரை மேல் விழுந்தால் கல் எறிந்த மாதிரியேதான் கேட்கும். பிப்ரவரி, மார்ச்சில் இலை உதிர்ந்து, துளிர்த்துப் பூத்து, ஆகஸ்டு செப்டம்பர் வாக்கில் காய் முற்றும். "ஆடி ஆவணியில் பேய் கல் எறியும்" என்று சொல்வது இந்தக் கணக்குத்தான்.

நிரை47
பாதிதான் சரி. கித்தாக் காய் வெடிப்பது காய்ந்த வெயில் நேரத்தில், அதிகமாக உச்சிப்பொழுதிலிருந்து சாயங்காலம் வரை. கல் கதை எல்லாம் நடுராத்திரியில். ராத்திரி ஈரம் ஏறினால் காய் இறுகிக்கொள்ளும், வெடிக்காது.

ராத்திரிச் சத்தத்துக்கு வேறு இரண்டு காரணம். ஒன்று, பகலில் சூடேறிய தகரம் இருட்டியதும் சுருங்கும். ஆணி லேசாக இருந்தால் டக், டக்கென்று விட்டுவிட்டு அடிக்கும். மழை பெய்து ஓய்ந்தால் இன்னும் அதிகம். இரண்டு, வௌவால். ஜம்பு, கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) பழத்தைத் தூக்கி வந்து தின்றுவிட்டுக் கொட்டையைப் போடும். காலையில் கூரையிலும் வாசலிலும் கடித்த கொட்டை கிடந்தால் விஷயம் முடிந்தது. இரண்டும் இல்லாமல் நிஜமான கல்லே கிடந்தால், பேயைத் தேட வேண்டாம், பக்கத்து லயத்தில் யாருக்கு யாரோடு தகராறு என்று கேளுங்கள்.

ஆயாக்கொட்டகை
சத்தம் என்றதும் இதையும் எழுதிவிடுகிறேன். "சவப்பெட்டி அடிக்கிற சத்தம் கேட்டால் தோட்டத்தில் சாவு விழும்" என்பார்கள். அது பக்கிக் குருவி வகை. தரையில் உட்கார்ந்துகொண்டு பலகையில் சுத்தியல் தட்டுகிற மாதிரி ஒரே சீராகக் கத்தும். அந்திப் பொழுதிலும் விடிவதற்கு முன்னும் அதிகம். டார்ச் அடித்தால் பாதை ஓரத்தில் கண் மட்டும் சிவப்பாக மின்னும், அது தனியாக ஒரு பேய்க் கதை ஆகிவிடும்.

பிண வாடைக்கு இரண்டு பேர் குற்றவாளி. ஒட்டுப்பாலும் கட்டிப்பாலும் நனைந்து நாலு நாள் கிடந்தால் பாலில் இருக்கிற புரதம் அழுகி எப்படி நாறும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் ஸ்டோர் இல்லாத இடத்தில், காட்டோரத்தில், திடீரென்று ஒரே ஒரு நாள் வாடை அடித்து மறைந்தால் அது காட்டுக் கருணைப் பூ. மழைக்குப் பிறகு இலை இல்லாமல் பூ மட்டும் தரையிலிருந்து எழும்பும், ஈயை இழுக்க அழுகல் வாடை விடும், ஓரிரு நாளில் அடங்கிவிடும். "தேடிப் போனோம், ஒன்றும் இல்லை" என்பது அதனால்தான். பூவைப் பிணமாக நினைத்துத் தேடினால் எங்கே கிடைக்கும்.

விடியலுக்கு முன் வெள்ளைப்பூண்டு வாடையோடு வெளிச்சம் நகர்ந்தால் அது கார்பைட் விளக்கு. கல்லில் தண்ணீர் சொட்டி வரும் வாயு எரியும், கல் சுத்தமில்லாததால் பூண்டு வாடை.

லிந்தாங்_ரோடு
நகராத பச்சை வெளிச்சம்?

ஆயாக்கொட்டகை
ஒளிரும் காளான். மக்கிய கட்டை, மக்கிய இலையில் வளரும். மறுநடவுக்கு வெட்டிச் சாய்த்த பழைய மரங்கள் கிடக்கும் இடம் அதற்குத் தோதானது. பார்க்க ஆசையானால்: நல்ல மழை பெய்து இரண்டு மூன்று நாள் கழித்து, நிலா இல்லாத இரவில் போங்கள். எல்லா விளக்கையும் அணைத்து 15, 20 நிமிடம் சும்மா நில்லுங்கள். கண் பழகியதும்தான் தெரியும். நடுவில் ஒரு தடவை போனைப் பார்த்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், பலர் "ஒன்றுமே இல்லை" என்று திரும்புவது அதனால். படம் எடுக்கக் கால்தாங்கி வேண்டும், 30 வினாடி திறப்பு, ஐஎஸ்ஓ 1600 அல்லது 3200. படத்தில் வரும் பளீர்ப் பச்சை நேரில் இருக்காது. நேரில் மங்கல்தான், சாம்பல் கலந்த பச்சை.

தனியாகப் போகாதீர்கள். பேய்க்காக இல்லை, பாம்புக்காக. முழங்கால் வரை பூட்ஸ்.

தவரணை_மூலை
மாடு வரிசையா செத்துச்சு, செய்வினைன்னு ஒரு கதை உண்டே?

உளிக்காரன்
லாலான் மருந்து. பாராகுவாட் வருவதற்கு முன் லாலான் புல்லுக்குச் சோடியம் ஆர்சனைட் அடித்தார்கள். உப்புச் சுவை. மாடு அந்தப் புல்லைத் தேடித் தேடி மேயும். மருந்து அடித்த வட்டாரத்தில் மேய்ந்த மாடு மட்டும் விழும், பக்கத்து வீட்டு மாடு பிழைக்கும். செய்வினை என்று நினைக்க இதைவிட என்ன வேண்டும்.

பேய்_வேண்டாம்
புதிதாகச் சேர்ந்தவன். எல்லாம் சரி, உண்மையான மர்மம் என்று ஏதாவது மிஞ்சுகிறதா இல்லையா? ஜிம் தாம்சன் மாதிரி.

பழைய_பேப்பர்
தாய்லாந்தில் பட்டு வியாபாரம் செய்த அமெரிக்கர் ஜிம் தாம்சன் 1967 மார்ச் 26-ல் கேமரன் மலையில் நடைக்குப் போனார், திரும்பவில்லை. போலீஸ், ராணுவம், ஓராங் அஸ்லி என்று எல்லாரும் தேடியும் தடயம் இல்லை. அது தேயிலைப் பக்கம், இந்த இழைக்குத் தூரம்.

இங்கே மிஞ்சும் மர்மம் பேய் சம்பந்தப்பட்டது இல்லை. யார் உத்தரவு? அதுதான். கம்யூனிஸ்டு கட்சித் தலைவர் சின் பெங் பல ஆண்டு கழித்துத் தன் வரலாற்றை எழுதியபோது, அந்தக் கொலைகள் தலைமை போட்ட உத்தரவு இல்லை, தமக்கு முன்கூட்டித் தெரியாது என்றார். அரசாங்கமோ அன்றே இதைத் திட்டமிட்ட கிளர்ச்சியின் தொடக்கமாக எடுத்துக்கொண்டது. ஜூலை 23-ல் கட்சி தடை செய்யப்பட்டது. உள்ளூர்க் குழு தானாகச் செய்ததா, மேலிருந்து வந்த பொதுவான கட்டளையை அவர்கள் அப்படிப் புரிந்துகொண்டார்களா என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஒரே காலையில் இரண்டு தோட்டம், மூன்றாவதற்கும் குறி என்பதை வைத்து உள்ளூரிலாவது திட்டம் இருந்தது என்று சொல்லலாம். அதற்கு மேல் ஆதாரம் தேவை.

செம்பனைக்காடு
இந்தக் கேள்வியை நம் பக்கத்திலிருந்தும் கேட்க வேண்டும். 48-ன் முதல் பாதி முழுக்கத் தோட்டங்களில் வேலைநிறுத்தம். கொலைக்குச் சில நாள் முன்னால் ஜூனில்தான் தொழிற்சங்கச் சட்டத்தைத் திருத்தித் தொழிற்சங்கங்களின் சம்மேளனத்தை முடக்கினார்கள். சம்மேளனத் தலைவர் எஸ்.ஏ. கணபதி அடுத்த ஆண்டு ரவாங் பக்கம் துப்பாக்கியோடு பிடிபட்டதாக வழக்கு. 1949 மே 4-ல் புடு சிறையில் தூக்கு. அதற்கு முந்தின நாள் இன்னொரு தொழிற்சங்கத் தலைவர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். தலையில்லாத துரைக்கு நாலு விதக் கதை இருக்கிறது. இந்த இரண்டு பேருக்குத் தோட்டத்தில் ஒரு பேய்க் கதைகூட இல்லை. ஏன் என்று யோசித்தால் எனக்கு அதுதான் பெரிய மர்மம்.

கிந்தா_பக்கம்
அந்தக் கடைசி வரிக்கு ஒரு வணக்கம். பேயாகக்கூட வர விடவில்லை.

டிசம்பர் 48-ல் பத்தாங் காலியில், சுங்கை ரெமோக் தோட்டத்தில் 24 பேரை ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படை சுட்டுக் கொன்றதும் இதே வரிசையில்தான். ஆயுதம் இல்லாத தோட்டத்து ஆட்கள். "தப்பி ஓடினார்கள்" என்று பதிவானது. 1970-ல் அந்தப் படையில் இருந்தவர்களே பத்திரிகையில் மாற்றிச் சொன்னார்கள். 2015-ல் லண்டன் உச்ச நீதிமன்றம் வரை போயும் பொது விசாரணை கிடைக்கவில்லை.

லிந்தாங்_ரோடு
தேடுவதற்கு வழி சொல்லுங்கள். பலர் தனிச்செய்தியில் கேட்கிறார்கள்.

பழைய_பேப்பர்
சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய நாளிதழ்த் தளம் இலவசம். ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், மலாயா டிரிபியூன், தமிழ் முரசு எல்லாம் அங்கே உண்டு. தேடும்போது எல்லாரும் தவறுகிற இடம் எழுத்துக்கூட்டல். "சுங்கை" என்பதை இப்போது ரோமன் எழுத்தில் Sungai என்று எழுதுகிறோம், அந்தக் காலத்தில் Sungei. இன்றைய எழுத்தில் தேடினால் ஒன்றும் வராது, "மறைத்துவிட்டார்கள்" என்று கிளம்பிவிடுவார்கள். தோட்டத்தின் பேரை மட்டும் தனியாகவும் தேடுங்கள். தேதியைச் சம்பவ நாளுக்குப் பூட்டாதீர்கள். மறுநாளிலிருந்து பத்து நாள் வையுங்கள். முதல் நாள் செய்தியில் பேரும் வயதும் எண்ணிக்கையும் தப்பாக வருவது சகஜம், மூன்றாம் நாள் வாக்கில் திருந்தும். முதல் நாள் செய்தியை மட்டும் வெட்டி ஒட்டுகிறவர்களை நம்பாதீர்கள்.

ஆயாக்கொட்டகை
பெரியவர்களிடம் கேட்பவர்களுக்கு: ஆண்டைக் கேட்காதீர்கள். ஆண்டு கேட்டால் மரியாதைக்காக ஏதாவது ஒரு எண்ணைச் சொல்லிவிடுவார்கள். "ஜப்பான்காரன் போன பிறகா, முன்னாடியா? கார்டு எடுத்த பிறகா? வேலி போட்டு அடைச்ச பிறகா? ரோட்டுப் பக்கம் பழைய மரம் சாய்ச்சு மறுநடவு போட்டப்ப இருந்ததா?" என்று கேளுங்கள். அடையாள கார்டு 1948-லிருந்து. முள்வேலி, ஊர் மாற்றம் எல்லாம் பெரும்பாலும் 1950 பிரிக்ஸ் திட்டத்துக்கு (காட்டோர மக்களை வேலிக்குள் குடியேற்றிய திட்டம்) பிறகு. இந்த நாலு கேள்வியில் பத்தாண்டுக் குழப்பம் இரண்டு மூன்று ஆண்டாகச் சுருங்கும். ஜப்பான் காலத்தில் சயாமுக்கு (தாய்லாந்து) ரயில் பாதை போட ஆள் பிடித்ததைப் பற்றிப் பேச்சு வந்தால் அவசரப்படுத்தாதீர்கள். அந்த 415 கிலோமீட்டரில் ஆள் திரும்பாத லயம் எத்தனையோ. "காலி லயத்தில் அழுகைச் சத்தம்" என்ற கதை நிறையத் தோட்டத்தில் அங்கேதான் தொடங்குகிறது.

இரண்டு பேரைச் சேர்த்து உட்கார வைத்தும் கேட்காதீர்கள். ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் தலையாட்டி ஒப்புக்கொள்வார், உங்களுக்கு "இரண்டு சாட்சி" கிடைத்துவிடும்.

பேய்_வேண்டாம்
முனியாண்டி கோயில் கல்வெட்டில் 1951 என்று இருக்கிறது. அதை வைத்து அந்தக் கோயில் கொலைக்குப் பிறகு காவலுக்காகக் கட்டியது என்று சொல்லலாமா?

கிந்தா_பக்கம்
கூடாது தம்பி. கல்வெட்டில் இருக்கிற ஆண்டு பெரும்பாலும் கட்டடத்துக்கோ குடமுழுக்குக்கோ உரியது. அதற்கு முன்னால் மரத்தடியில் சூலம், மூன்று கல், ஒரு சுருட்டு என்று இருபது முப்பது வருடம் இருந்திருக்கும். முனி எல்லைக் காவல். தோட்டத்தின் பிரிவு முடிகிற இடம், ஓடை, வெட்டாமல் விட்ட பெரிய மரம் இப்படிப்பட்ட இடத்தில்தான் இருப்பார். தோட்டத்துப் பழைய வரைபடத்தில் பிரிவு எல்லையைப் பாருங்கள். கோயில் அந்தக் கோட்டில் இருந்தால் கொலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, தோட்டம் போட்ட நாளிலிருந்து இருக்கிறார். எல்லையை விட்டு உள்ளே, ஆபீஸ் பக்கம் இருந்தால்தான் உங்கள் கேள்விக்கே இடம். செம்பனைக்காக இடம் மாற்றிய கோயிலா என்பதையும் விசாரியுங்கள், மாற்றியிருந்தால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது.

பேய்_வேண்டாம்
எழுத்துப் பாதி தேய்ந்திருக்கிறது அண்ணே. 1951-ஆ 1957-ஆ என்றே சந்தேகம்.

கிந்தா_பக்கம்
சாயங்காலம் போய் டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்துப் படம் எடுங்கள். நேராக அடித்தால் எழுத்து மறைந்துவிடும். இடது, வலது, மேல் என்று மூன்று பக்கமிருந்தும் ஒவ்வொரு படம். சுண்ணாம்போ மாவோ தேய்க்காதீர்கள், துளைக்குள் போய் ஈரம் பிடித்து இருக்கிற எழுத்தையும் அரித்துவிடும். பூசாரியிடம் கேட்டுவிட்டு எண்ணெயும் குங்குமமும் மெதுவாகத் துடைத்தால் போதும். 1-க்கும் 7-க்கும் வித்தியாசம் மேல் குச்சியில் தெரிந்துவிடும். படத்தை இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறோம்.